வரிசையில் ஐந்தாவதாக அப்பா

1996 ஏப்ரல் 23, செவ்வாய்

இன்றும் அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு இனி நாட்கணக்குதான் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். நுரையீரலில் நீர், அடுத்த வாரம் அம்மா வீடு திரும்பிவிடுவாள் என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாதான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தடுத்தாள். "யாத்திரைக்குப் பேர் குடுத்துட்டுப் பதினோரு வருஷமா காத்திருக்கார்டி, ரோசர். மலைக்குப் போய்ட்டு வரட்டும். இப்பச் சொன்னா போகவே மாட்டார்."

ஏப்ரல் 25, வியாழன்

அப்பா யாத்திரைக்கான நீல அங்கியைப் போட்டுப் பார்த்தார். அவரை வழியனுப்பக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ரெமெய் அத்தை சுற்றி வந்து பார்த்தாள். "ஊர்ப் பாவத்தையெல்லாம் நீ ஒருத்தனே செஞ்ச மாதிரி இருக்கே அண்ணா."

"பாதி நீ செஞ்சது."

நானும் சிரித்தேன். பிறகு அப்பா என்னிடம் தனியாக, "போற வழியெல்லாம் அவளுக்காகத்தான் மண்டி போடுவேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் முடிந்தது.

ஏப்ரல் 26, வெள்ளி

விடியலில் ஊருக்காக யாத்திரை போகும் பதின்மூன்று பேரும் கோயில் வாசற்கல்லை முத்தமிட்டுக் கிளம்பினார்கள். நாளை ஊர் திரும்பும்வரை பாட்டும் ஜெபமும் தவிர வாய் திறக்கக் கூடாது. அவர்களிடமும் யாரும் பேசக் கூடாது. பேசினால் ஊரின் வேண்டுதலே அறுந்துபோகும் என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் மாலை அம்மாவுக்கு மூச்சு மோசமாகிவிட்டது. "எப்ப வருவார்?" மறுபடி, "எப்ப வருவார்?" கடைசியில், "நான் சொன்னதை விட்டுடு. போய்க் கூட்டிட்டு வா."

ஏப்ரல் 27, சனி

அம்மா சாயங்காலம் நாலு இருபதுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நேற்றைய காலையை எழுதிவிட வேண்டும்.

அத்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு மலைப்பாதைக்குப் போனேன். இரவு மடத்தில் தங்கியவர்கள் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் வழிகாட்டி செவெர். வரிசையில் ஐந்தாவதாக அப்பா. உதடு வெடித்திருந்தது, கணுக்காலில் ரத்தம். வழியோரம் நின்ற பெண்கள் மண்டியிட்டார்கள்.

நானும் மண்டியிட்டேன்.

ஏன்? எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எத்தனை நாவல்களில் மரணப் படுக்கைகளைப் படித்து அழுதிருக்கிறேன் — என் அம்மாவுக்காக 'அப்பா' என்று ஒரு சொல் வரவில்லை. கை நீட்டினால் அங்கி தொடும் தூரம். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். அம்மா தேறிவிட்டாள், அதற்கு நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லியிருக்கணும். கத்தியிருக்கணும். அவர்கள் பாதை வளைவில் மறையும்வரை அப்படியே கிடந்தேன்.

தனியாகத்தான் திரும்பினேன். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று அம்மா கதவையே பார்த்தாள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

நேற்று அடக்கம். இன்று செவெர் மாமா வந்தார்.

"ஏம்மா, என் காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா? எங்கப்பா வழிகாட்டியா இருந்தப்போ, குழந்தைக்கு முடியலன்னு ஒருத்தரைப் பாதியில அனுப்பியிருக்கார். மிச்சப் பேர் நடந்தோம். சாமி என்ன தலையா எண்ணுது?"

அப்பா நாற்காலியில் இருந்தார். செவெர் மாமா போன பிறகு கேட்டார்: "வழியில நீ மண்டி போட்டப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்னைக் கேட்டாளா?"

"கேட்டா."

எழுந்து முயல்களுக்குப் புல் போடப் போய்விட்டார்.

மே 19

திட்டினால் நன்றாயிருக்கும். காபி கேட்கிறார், ரொட்டி நன்றாயிருக்கிறது என்கிறார். அம்மா பெயரை மட்டும் என் முன்னால் சொல்வதில்லை.

ஜூன் 14, வெள்ளி

அப்பா அத்தை வீட்டோடு போய்விட்டார். காலை ஏழு மணி பஸ். பெட்டியை நான்தான் ஏற்றிவிட்டேன்.