மிஞ்சிய சோறு

1983 மார்ச் 6, ஞாயிறு

காலையிலிருந்து மழை. இது ஈப்போவா, மழைக்குப் பேர்போன தைப்பிங்கா என்று சந்தேகம். நான்காம் படிவ மாணவர்களின் வரலாற்றுத் தாள்கள், திருத்த இன்னும் பாதி பாக்கி.

மதியம் என் வீட்டுக்காரர் மூன்று கவளம். மீன் குழம்பைத் தொடவில்லை. "போதும்." தட்டை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஜனவரியில் மார்பு டாக்டரிடம், இவர் இன்னும் சிகரெட்டை விடவில்லை என்று போட்டுக்கொடுத்தேன். என் எதிரிலேயே திட்டு வாங்கினார். அதற்கான தண்டனை இது. கல்யாணமான வருடம் நான் வேலையை விடமாட்டேன் என்றதற்கும் பதினொரு நாள் என் கையால் சாப்பிடவில்லை. வீடே கெஞ்சியது, நான் கெஞ்சவில்லை. பன்னிரண்டாம் நாள் தானாக வந்து உட்கார்ந்தார். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அதே ஆயுதம்.

மார்ச் 15, செவ்வாய்

வாங்க: இஞ்சி, சிவப்பு மை, அவருடைய மூச்சு மருந்து, ரொட்டி.

பள்ளிக்கூடத்துப் பியூன் மணியம்: "டீச்சர், சாரை நேத்து கோப்பிக்கடையில பார்த்தேன். ரொட்டிய பாதி தின்னுட்டு வயித்தைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு லா."

ஆக, வெளியே தின்ன முடிகிறது. என் சமையல்தான் இறங்கவில்லை. நல்லது.

மார்ச் 27, ஞாயிறு

சித்தியவானிலிருந்து நாத்தனார், அவருடைய அக்கா. ஒரு பொட்டலம் கருவாடு, ஒரு மூட்டைக் குறை.

"தம்பி எலும்பும் தோலுமா இருக்கான். டீச்சருக்கு ஊரான் புள்ளைக்குப் பாடம் சொல்லவே நேரம் சரியா போயிருது போல."

"மூச்சு வாங்குறவன் எளைக்கத்தான் செய்வான், விடுக்கா" என்றார் அவர்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். இவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். அக்காவுக்காக முடிகிறது. அரை மணிக்குள் குளியலறையில் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். உதடு நீலம். மூச்சு விசில் மாதிரி. காற்றுப் பிடிப்பாம்.

"பாத்தியா? காயப்போட்ட வயிறு" என்றார் நாத்தனார், என்னைப் பார்த்து.

தாள் திருத்தினேன். எல்லாருக்கும் மார்க் குறைவாகவே போட்டேன்.

ஏப்ரல் 10, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. மடிக்கும்போது அவருடைய பெல்ட். ஆணியால் குத்திய புது ஓட்டைகள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது நேற்றுப் போட்டதாக இருக்கலாம், தோல் இன்னும் வெளுப்பு.

ஒரு கோபத்துக்கு இவ்வளவு ஓட்டை தேவையில்லை.

ஏப்ரல் 12, செவ்வாய்

விடுப்பு போட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்கு. புதிதாக வந்த தமிழ் டாக்டர், இளம் வயது.

"சிகரெட் எத்தனை வருஷம்? ரப்பர் தோட்டத்துல என்ன வேலை?"

"தாப்பா பக்கம், புகைக்கூடத்துல கணக்கெழுதுற கிராணி. ரப்பர் ஷீட்டுக்கு ஒரு புகை, எனக்கு ஒரு புகை, டாக்டர். ரெண்டும் முப்பது வருஷம்."

ஏழு வருடமாக எல்லா டாக்டர்களும் குழாயை மார்பில் வைத்தார்கள். இவர் வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு:

"சாப்பிட்டா எத்தனை நிமிஷத்துல வலி வருது?"

"இருபது."

யோசிக்காமல் சொன்னார். கடிகாரம் பார்த்திருக்கிறார்.

டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபட்டிருக்கலாம். சாப்பிட்டதும் குடல் ரத்தம் கேட்கிறது, வருவதில்லை. வருகிற கொஞ்சத்திலும் பிராணவாயு குறைவு, நுரையீரல் கெட்டதால். மார்பு நோயாளி மெலிந்தால் மார்பு என்றே எழுதிவிடுகிறோம் என்றார். அவர்கள் அப்படி எழுதினார்கள். நான் கோபம் என்று எழுதினேன்.

காரில் நான்: "ஏன் சொல்லவில்லை?"

"நீ கோவம்னு நெனச்சுக்கிட்டே. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். சொன்னா ஆஸ்பத்திரியில போட்டுருவே."

"நான் கேட்கவும் இல்லை."

"ஆமா, கேக்கலை."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மே 18, புதன்

கோலாலம்பூர். ரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுத்த படம்: இரண்டு குழாய் ஏறக்குறைய மூடியாயிற்று. வேறு குழாய் ஒட்டலாம் என்றார் அறுவை டாக்டர். பிறகு மூச்சை அளக்கும் கருவியில் ஊதச் சொன்னார்கள். கண் பிதுங்க ஊதினார். கருவியின் முள் அசைந்ததாகவே தெரியவில்லை.

மயக்க மருந்து டாக்டர் ஓர் அம்மாள், நேராக, ஆங்கிலத்தில்: தூங்க வைக்கலாம், மூச்சு இயந்திரத்திலிருந்து மீட்க முடியாது.

ஆகவே அறுவை கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஆறு முறை சாப்பாடு. ஒருநாள் குழாய் முழுக்க அடைத்தால் சில மணி நேரம்தான். எப்போது? சொல்ல முடியாது. பட்டம் வாங்கிய நானும் வேறு கேள்வி கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அவர்: "அக்காகிட்ட நான் கோவத்துலதான் இருக்கேன்னே சொல்லிரு. அதுதான் அவங்களுக்குப் புரியும்."

மே 29, ஞாயிறு

மீண்டும் மழை. பத்து மணி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முன்னால் நின்று கேட்டேன்: "கொஞ்சம் சாப்பிடுறீங்களா?"

நிமிர்ந்து பார்த்தார். கேலியா என்று பார்த்திருப்பார். "ரெண்டு கரண்டி."

அரிசிக் கஞ்சி, உப்பு, வேறொன்றுமில்லை. எதிரில் உட்கார்ந்தேன். இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க மழையைப் பார்த்தோம். பதினெட்டாவது நிமிடம் அவர் கை மேசை விளிம்பைப் பிடித்தது. முகம் சாம்பல்.

"காரம் கொஞ்சம் தூக்கலா போச்சு" என்றார்.

கஞ்சியில் மிளகாயே போடவில்லை.

"நாளைக்குக் குறைச்சுப் போடுறேன்" என்றேன்.