எடுத்த பெயர் திரும்பி வந்தது

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
மார்ச் 4

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாயிருக்க வேண்டுகிறேன். எனக்கு முழங்கால் மட்டும் குளிரில் முரண்டு பிடிக்கிறது.

நான் பராமரித்துவரும் ஊர்ச் சங்க இணையத்தளம் போன வாரம் அழிந்துபோயிற்று. கவலை வேண்டாம், சேமித்து வைத்திருந்த பிரதியிலிருந்து நானே திரும்ப ஏற்றிவிட்டேன். அந்தப் பிரதி, போன மாதம் அம்மாவின் மரண அறிவித்தல் போட்ட அன்று எடுத்தது. உங்கள் மகள் நிரோஜாவின் கணவர் எத்தியேனுடைய பெயரை, எங்கள் இனத்தவர் இல்லையென்று, அதிலிருந்து நீங்கள் எடுக்கச் சொன்னது மறுநாள். ஆகவே அவர் பெயர் திரும்பி வந்துவிட்டது.

சங்கச் செயலாளர் விமலநாதன் பதறினார்.

"அக்கா, அண்ணை பேசப்போறார். எடுத்துவிடுங்கோ."

"பேசட்டும். ஒருக்கா எடுத்ததுக்கே வெக்கப்படுறன்."

அம்மா எத்தியேனைத் தொலைபேசியில், பெற்ற மகனைப்போல "மோனை" என்றுதான் கூப்பிட்டார். நீங்கள் கோபித்தாலும் நான் எடுக்கமாட்டேன்.

பிரதியில் படங்கள் இல்லை. அறிவித்தலில் இருந்த, அம்மா சிரிக்கும் அந்தப் படம் இப்போது உங்களிடம் மட்டுந்தான் உண்டு. அனுப்புங்கள். பெரிதாக ஒன்றைத் தபாலிலும் விடுங்கள். என் சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவர் வெறுமையாக இருக்கிறது.

தபாலகம் பூட்டமுன் போகவேண்டும். படம் வந்ததும் பெயர்களுக்கு மேலே போடுவேன். பெயர் ஒன்றும் குறையாது.

தங்கை
செல்வமலர்