அடுத்த வரிக்குப் போகாத கவாலி

என் கண்ணான மகனுக்கு,

வாப்பாவோடு சண்டை போட்டு நீ கராச்சிக்குப் போனபின், நம் தர்கா உரூஸ் விழாவில் நீ இல்லாமல் நடந்த முதல் கவாலி இது. அவருக்கு வலப்பக்கம், நீ உட்கார்ந்து கைதட்டும் இடத்தில், யாரையும் அவர் உட்கார விடவில்லை. மற்றபடி நல்ல கூட்டம்.

“வாசலைச் சாத்தவில்லை, வந்துவிடு” என்ற வரியிலேயே நின்று, அதையே திரும்பத் திரும்பப் பாடினார் வாப்பா. கேட்கிறவர் ஒருவர் தன்னை மறந்து எழுந்துவிட்டால், அவர் தெளியும்வரை வரியை மாற்றக்கூடாது என்பது உனக்குத் தெரியாததா! ஆனால் எதிரே இருந்தவர்கள் எல்லோரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். தபேலா வாசித்த உன் தம்பி குனிந்து, “வாப்பா, யாரும் எழுந்திருக்கலையே, மேல போங்க” என்றானாம்.

“காது செவிடாடா? திரைக்குப் பின்னால ஒருத்தி அழறா.”

பெண்கள் பக்கம் என் மடியில் உன் மகள் இருந்தாள். “தாதிமா, நீயா அழறே?”

“வாயை மூடுடி. சாம்பிராணிப் புகை.”

அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் நாலு பேர் நடுவே அழுகிறவள் இல்லை நான்.

வீட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டும் அதே வரியைத்தான் முணுமுணுக்கிறார். “இப்ப யார் அழறாங்களாம்?” என்று கேட்டேன். “நீதான்” என்று சொல்லிவிட்டு, தோள் துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீ வந்து கைதட்டினால்தான் அவர் அடுத்த வரிக்குப் போவார், மகனே.

உன்னைப் பெற்றவள்