கிட்டங்கிப் பூனையின் பின்னங்கால்

இன்று காலை ஆபீஸில் புதுக் காலண்டர் மாட்டினார்கள். வழவழப்பான தாள், அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை. முதல் பக்கத்தில் நம் மேஸ்திரி உட்கார்ந்திருக்கிறாள். ஏற்றுமதிக்குக் கட்டிய நிலாவரை மூலிகை இலை மூட்டைகளின் மேல், இருக்கிற மூன்று கால்களையும் மடக்கிக்கொண்டு, யாரையும் மதிக்காத அதே பார்வையோடு. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. காயம்பட்ட இந்தப் பூனையை எங்கள் நிறுவனம் காப்பாற்றி வளர்க்கிறது, எங்கள் சரக்குக் கிட்டங்கியில் எலி மருந்துக்கு இடமே இல்லை என்று.

வாசித்ததும் வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடமில்லாமல் விழுங்கிவிட்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். நீ இருந்திருந்தால், "படம் நல்லாத்தான்ளா விழுந்திருக்கு" என்று சொல்லியிருப்பாய். உனக்கு யார்மேலும் கோபம் நெடுநேரம் நிற்காது. எனக்கு நிற்கிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இதைச் சொல்ல இந்தக் கட்டடத்தில் வேறு ஆளில்லாததால் உனக்கு எழுதுகிறேன்.

அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது நீதான். காலையில் இலை பிரிக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தி முன்னாலும் நின்று பார்த்துவிட்டுப் போவாள். "நம்ம மேஸ்திரிக்காவது ஒருத்தரையும் ஏசத் தெரியாது" என்று நீ சத்தமாகச் சொல்ல, நிஜ மேஸ்திரி ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவள். நாலு பேர் முன்னால் என்னைக் 'கிளார்க்கம்மா' என்பாய். மத்தியானம் பின்வாசலில் சோற்றுச் சட்டியைத் திறந்ததும் 'ஏளா' ஆகிவிடுவேன். உன் குழம்பில் இருக்கும் மீன் தலை மேஸ்திரிக்கு. எனக்கு நடுத்துண்டு. இப்படித்தான் இருந்தோம், பதினோரு வருஷம்.

அன்றைக்கு நீ கண்ணாடிக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வந்தாய். "ரெண்டு நாளா மேஸ்திரியக் காணலைன்னு சொன்னேம்லா. பின்னால கழிவுச் சாக்குக்குள்ள கெடக்கா. வந்து பாரு."

நான் வந்து பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. பின்னுக்கு வந்த லாரி ஏறியிருக்க வேண்டும். இடது பின்னங்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கி, எலும்பு வெளியே தெரிந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக ஏதோ அசைந்தது. புழு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நீ குனிந்து அவள் நெற்றியில் ஒரு விரலை வைத்தாய். அவள் கத்தவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

மேனேஜர் வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே ஒரு அடிகூட வைக்கவில்லை. "இலை பக்கத்துல எங்கயும் ரத்தம் பட்டிருக்கா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றதும், "சாக்குல கட்டி உப்பளத்துப் பக்கம் போட்டுட்டு வரச் சொல்லுங்க. வேற பூனை தானா வரும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கிட்டங்கியில் ஒரு எலிப் புழுக்கை கிடந்தால் ஒரு கன்டெய்னர் முழுவதும் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்துவிடும். ஆறு வருஷமாக ஒன்றும் திரும்பவில்லை. அது யாருடைய வேலை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நீ உன் நைலான் கூடையைக் காலிசெய்து, துண்டை விரித்து, அவளைத் தூக்கி வைத்தாய். "அரை நாள் லீவு வேணும்" என்றாய் மேஸ்திரியிடம், நிஜ மேஸ்திரியிடம். நானும் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். பூனைக்காக என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் உன்னை அந்தப் பெரிய தனியார் பிராணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். ஏசி, சோபா, சுவர் முழுக்க வெள்ளைக்கார நாய்களின் படம். கவுன்டரில் இருந்த பெண் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். "என்ன பிரீடு?"

"கிட்டங்கிப் பூனைம்மா" என்றாய்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு நாய்கள் நமக்கு முன்னால் உள்ளே போயின. ஒன்றுக்கு நகம் வெட்ட. நாம் சோபாவில் உட்காராமல் நின்றோம். உட்காரச் சொல்லவும் இல்லை.

டாக்டர் கூடைக்குள் கையை விடாமலே பார்த்தார். "எக்ஸ்ரே எடுக்கணும், பிளேட் வைக்கணும். அட்வான்ஸ் கட்டினா இன்னைக்கே எடுத்துக்கலாம்." ஒரு தொகை சொன்னார். நீ மூன்று மாதம் இலை பிரித்தாலும் சேராது. என் கழுத்தில் சங்கிலி கிடந்தது. கை அந்தப் பக்கம் போகவில்லை, அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். நம் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "இல்லேன்னா தூங்க வச்சிரலாம். இந்த மாதிரி பூனைக்கு அதான் நல்லது" என்றார்.

உன் முகம் தெளிந்தது. "ஆமா சார், அதையே செய்ங்க. ரெண்டு நாளா கண்ணையே மூடலை. நல்லாத் தூங்கி எந்திரிச்சா கொஞ்சம் தெம்பு வந்துரும்லா."

கவுன்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நீங்கள் படித்தவர், உங்களுக்குப் புரியும் என்பது போல. நானும் சிரித்தேன்.

பெரிய சிரிப்பு இல்லை. உதடு சற்றே விலகியது, அவ்வளவுதான். ஆனால் நீ அந்த நேரம் பார்த்து என் பக்கம் திரும்பினாய்.

வெளியே வந்து வெயிலில் நின்று கேட்டாய். "எதுக்குளா சிரிச்சாவ?"

"தூங்க வைக்கதுன்னா ஊசி போட்டுக் கொல்லுதது."

நீ கூடையை இடுப்பிலிருந்து அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாய். "அதுக்கு எதுக்குத் தூக்கம்னு பேரு வைக்கான்? கொல்லுதேன்னு சொல்ல வாய் வரலையோ?" என்றாய். நான் சிரித்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

இரண்டு பஸ் மாறி அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். அங்கே இருந்த உதவியாளர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, "ஆடா, மாடா?" என்றார்.

"பூனை."

"பூனையா? இதையெல்லாம் எதுக்குத் தூக்கிட்டு அலையுதீய? டாக்டரம்மா ஆட்டுக்கு ஊசி போடுத முகாமுக்குப் போயிருக்காவ. இன்னைக்கு வரமாட்டாவ."

நான், "போவோம்ளா, நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். உண்மையில் நாளைக்கும் வரும் எண்ணம் எனக்கு இல்லை. கூடையிலிருந்து வந்த நாற்றத்துக்கு பஸ்ஸில் பக்கத்து சீட்காரி எழுந்து போனதிலேயே எனக்கு எல்லாம் போதும் என்றாகிவிட்டது. நீ சிமென்ட் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாய். "வருவாவ. அவுக ஸ்கூட்டி இங்கனதான நிக்கி. வீட்டுக்கு நடந்தா போவாவ?"

உதவியாளர் செய்தித்தாளைப் புரட்டினார்.

மூன்று மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார் டாக்டரம்மா. சின்ன வயசு. செருப்பு முழுக்கச் சாணி, முகம் முழுக்கச் சிவப்புத் தேரிமண் தூசி. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. கூடையைத் திறந்து பார்த்ததும் நம்மேல்தான் பாய்ந்தார். "எத்தனை நாளா இப்பிடி வச்சிருந்தீங்க? மனுசங்கதானா நீங்க?"

நீ, "இன்னைக்குத்தான் கண்டோம்மா. பாருங்கம்மா" என்றாய்.

அவர் கையுறை மாட்டினார். "காலைக் காப்பாத்த முடியாது. எடுத்திரணும். எடுத்தா பூனை பிழைச்சிரும். இங்கேயே பண்ணிரலாம், பீஸ் ஒண்ணும் கெடையாது. தையல் நூலும் ரெண்டு மருந்தும் ஸ்டாக் இல்லை, வெளிய வாங்கிட்டு வாங்க." அவர் எழுதிக் கொடுத்ததை வாங்கி வந்தேன். அன்று முழுவதும் நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது உதவியாளர் நோட்டை விரித்துக்கொண்டு, "உடமைக்காரர் பேரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்தாய். ஆபீஸ்காரி, எழுதப் படிக்கத் தெரிந்தவள், என் பெயர் இருந்தால் மரியாதை கிடைக்கும் என்று நினைத்திருப்பாய். "எங்க பூனை இல்லைங்க, கம்பெனிப் பூனை" என்றேன் நான். நீ உன் பெயரைச் சொன்னாய். முத்தையாபுரத்துத் தெருப் பெயரையும் சொன்னாய்.

அந்த அறைக்குள் நான் வரவில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். தகர மேசை, மேலே யாரோ கொண்டுவந்த ஆட்டின் மயிரும் காய்ந்த ரத்தமும் ஒட்டியிருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்து, "துடைக்கக்கூட ஆள் போடமாட்டாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தானே தண்ணீர் ஊற்றித் துடைத்தார். ஊசி போட்டு மேஸ்திரி மயங்கியதும் இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். நீ அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் வாந்தியெடுத்தேன்.

பத்து நாள் ஈரம் படாமல் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். என் வீடு ஊரை ஒட்டியிருக்கிற புதுக்கோட்டையில், மூன்று அறை. உன் வீடு ஒரே அறை, அதில் நாலு பேர். "எங்க வீட்டுல மாமியாருக்கு ஆஸ்துமா" என்றேன். என் மாமியாருக்கு ஆஸ்துமா கிடையாது. நீ அதற்கும், "சரிளா" என்றாய்.

பதினைந்தாம் நாள் மேஸ்திரி கிட்டங்கிக்குத் திரும்பினாள். ஒரு மாதத்தில் மூன்று காலோடு எலி பிடித்தாள். வெளிநாட்டிலிருந்து இலை வாங்க வந்தவர்கள் முழங்காலிட்டுப் படம் எடுத்தார்கள். மேனேஜர் முதல்முறையாக அவளைத் தடவக் கை நீட்டினார். அவள் சீறினாள். நீ மூட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாய்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். ஐந்தாம் நாள் செய்தி வந்தது. கம்பெனி ஒரு மலர்வளையம் அனுப்பியது. கம்பெனி பெயர் பெரிய எழுத்தில். உன் பெயரே இல்லை. 'எங்கள் தொழிலாளி' என்று மட்டும் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். துக்கம் என்று பிறர் நினைத்தார்கள். சாக்குக்குள் மேஸ்திரி கிடந்த அன்றும் அதே முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

காலண்டர் அச்சுக்குப் போகுமுன் அவர் என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்குத்தான் நல்லா இங்கிலீஷ் வருமே. நம்ம கம்பெனி பூனையைக் காப்பாத்தின கதையை ரெண்டு வரியில எழுதிக் குடுங்க."

"சார், நீங்கதான சாக்குல கட்டிப் போடச் சொன்னீங்க?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சிரித்தார். "அதெல்லாம் யாரும்மா ஞாபகம் வச்சிருக்கா?"

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரிய வீரம் செய்ததாக ஒரு நிமிஷம் நினைத்தேன். அவரே இரண்டு நிமிஷத்தில் எழுதிக்கொண்டார். என் மறுப்பால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, எனக்கும் இல்லை.

ஒன்றரை மாதம் முன்பு மேஸ்திரிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. இந்தமுறை நான் தனியாகத் தூக்கிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை. மருந்தகம் காலையில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். அதே டாக்டரம்மா பூனையை அடையாளம் கண்டுகொண்டார். "இவளா? அந்தம்மா எங்க? ரொம்ப நாளா வரலையே?"

எனக்குப் புரியவில்லை. "அன்னைக்கு ஒரு நாள்தானே வந்தோம்?" என்றேன்.

"நீங்க ஒரு நாள் வந்தீங்க. அவங்க ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல பூசை முடிஞ்சு நேரா இங்கதான் வருவாங்க. துறைமுக ரோட்டுல அடிபட்ட நாய், பூனை எதையாவது கூடையில கொண்டு வருவாங்க. ஒண்ணும் இல்லைன்னாலும் வந்து இந்த மேசையைக் கழுவிட்டுப் போவாங்க. சொல்லலையா உங்ககிட்ட?"

சொல்லவில்லை. நாளுக்கு ஒரு வேளை என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவள், ஒரு வருஷத்துக்கு மேல் இதைச் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். என்மேல் கோபத்தில் இல்லை. நான் எதற்கு வருவேன், எதற்கு வரமாட்டேன் என்று அன்றைக்கே கண்டுகொண்டாய். எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று விட்டுவிட்டாய். உன் கோபத்தை என்னால் தாங்கியிருக்க முடியும். இது முடியவில்லை.

நீ இறந்துவிட்டாய் என்று சொன்னேன். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "இப்ப மேசையை யாரு கழுவுறாங்க?" என்று கேட்டேன். "யாரு இருக்கா? நேரம் கெடச்சா நான்தான்" என்றார்.

மேஸ்திரியின் கட்டிக்கு மருந்து வைத்து அனுப்பினார். அன்றைக்கே பினாயிலும் தேங்காய் நார்ப் பிரஷும் வாங்கினேன். மேசையின் விளிம்பு மடிப்புக்குள் பழைய ரத்தம் அரக்கு மாதிரி இறுகிக் கிடக்கிறது. நகத்தால் சுரண்டினால்தான் வருகிறது. முதல் ஞாயிறு அதே வேப்பமரத்தடிக்குப் போய் வந்துதான் கழுவி முடித்தேன். ஆராதனைக்கு வராமல் எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். சொல்லிவிட்டேன். மாமியார் முகத்தைச் சுளித்தார்.

வரும் ஞாயிறோடு ஏழு ஞாயிறு ஆகும். இன்று புதன்கிழமை. இன்னும் நாலு நாள் இருக்கிறது. குமட்டல் இன்னும் நிற்கவில்லைளா. கை மட்டும் நிற்காமல் தேய்க்கிறது.