பன்னீர் திராட்சை ஜாடி

என் அன்புக்குரியவளே,

நான் வேலை பார்க்கும் இந்த சோஹார் ஊர்க் கடையில் இன்று கறுப்புத் திராட்சை பார்த்தேன். நம் கம்பத்துப் பன்னீர் திராட்சையின் வாசம் அதில் இல்லை. ஆனாலும் ஒரு கொத்து வாங்கி, நசுக்கி முகர்ந்தேன்.

ரூமில் கூட இருக்கும் உஸைர் சிரித்தான். “என்ன மச்சான், கேம்ப்லயே ஒயின் போடப் போறியா? பிடிச்சா ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பிருவாங்க!”

அப்படியாவது அனுப்பட்டுமே என்றிருந்தது.

கிறிஸ்துமஸ் ஒயினைத் தினமும் கிளறுவது நீ. ஜாடியைத் திறந்து முதல் மடக்குக் குடிப்பது நான். போன வருடம் நான் வரவில்லை என்று நீ திறக்கவே இல்லை.

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். இந்த வருடம் ஜாடியை நீயே திறந்துவிடு. முதல் மடக்கையும் நீயே குடி. புளித்திருந்தாலும் எனக்கு இனிப்பு என்றே சொல்.

எங்கிருந்தாலும்
உன்னுடையவன்