மணிக்கூடு இருந்த இடம்

ஃப்ரிபூர்க், சுவிஸ்
02.02.2025

அன்புள்ள நிரஞ்சினி,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே குளிர் விட்டபாடில்லை. போன புத்தகத்தை மாதக்கணக்கில் வைத்திருந்தாய். இதையாவது வேகமாகப் படித்து அனுப்பு. எங்கள் நூலகத்துக்கு வந்த புதிய நாவல். பிடித்துப்போய் எனக்கும் ஒரு பிரதி வாங்கினேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தி எழுதியது.

இப்போது எழுதுகிறவர்கள் அடிமைக்காலத்துக்குப் போகாமலே நிறவெறியை எழுதுகிறார்கள். இதில் சாட்டையும் இல்லை, கொலையும் இல்லை. ஒரு கறுப்பின ஆசிரியை தன் வீட்டை விற்கப் போகிறாள். விலை மதிக்க வந்தவன் மிகக் குறைவாக மதித்துவிட்டுப் போகிறான். அடுத்தவன் வருவதற்கு முன் அவள் சுவரில் இருந்த குடும்பப் படங்களைக் கழற்றி ஒளித்துவிட்டு, தன் வெள்ளைத் தோழியை வீட்டுக்காரியாக உட்கார வைக்கிறாள். விலை ஏறிவிடுகிறது. அந்தத் தோழியை எழுத்தாளர் அளவுக்கு மீறி நல்லவளாக்கிவிட்டார் என்பது என் எண்ணம். ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து உட்காருகிறாள். படிக்கிற வெள்ளைக்காரர் எல்லோரும் தங்களை அவளாக நினைத்துக் கண்ணீர் விட்டு, நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். நீ என்ன நினைக்கிறாய், எழுது.

மகளைப் பெரியம்மா கேட்டதாகச் சொல். வேலை தொடங்கிய பிறகு ஹரிஷாவுக்கு என் நினைவே இல்லை.

அன்புடன்,
பவதாரணி அக்கா


துன்
23.02.2025

அன்புள்ள பவா அக்கா,

முடித்துவிட்டேன், பாருங்கள். ஹோட்டலில் இப்போது ஆட்கள் குறைவு. வரவேற்பு மேசையில் இருந்தே படித்தேன்.

தோழியைப் பற்றி நீங்கள் எழுதியதுபோல் எனக்குத் தோன்றவில்லை. நான் ஆணி வருகிற இடத்தில் நின்றுவிட்டேன். ஆசிரியை படங்களைக் கழற்றுகிறாள், ஆணிகளை விட்டுவிடுகிறாள். தோழி தன் வீட்டுப் படங்களைக் கொண்டுவந்து அதே ஆணிகளில் மாட்டுகிறாள். அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

காரணம் இருக்கிறது. ஹரிஷாவும் ஆராவில் இருக்கிற நிருபன் என்ற பிள்ளையும் விரும்புகிறார்கள். நல்ல பெடியன். தாய் தகப்பன் மார்ச் 15, சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். தாய் போனில் நன்றாகத்தான் கதைத்தார். கடைசியில், "உங்கட ஊரில நீங்கள் எந்தப் பக்கம்? கோயிலடியோ, ஸ்டேசனடியோ?" என்று கேட்டார். பக்கம் தெரிந்தால் சாதி தெரியும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "விட்டு விட்டுக் கேக்குது அக்கா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன்.

தகப்பன் சிவானந்தராசா எங்களுக்குப் பக்கத்து ஊர். எங்கள் ஹோலில் என்னைப் பெற்ற ஐயாவின் படம் இருக்கிறதல்லவா, சலூன் வாசலில் கத்தரிக்கோலோடு நிற்கிற படம்? அந்தச் சலூன் கதிரையில் ஏறியிருந்து சிவானந்தராசாவும் சின்ன வயதில் தலைமயிர் வெட்டியிருப்பார். படத்தைக் கண்டால் எங்கள் சாதியைச் சொல்ல வேறு ஆள் வேண்டாம். ஹரிஷாவின் அப்பா உயிரோடு இருந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பார்.

படத்தைக் கழற்றப் போகிறேன். அன்றைக்கு நீங்கள் வந்து எங்களோடு இருங்கோ அக்கா. பெரியப்பாவின் மகள் என்று சொல்கிறேன். உங்கள் ஊரையும் உங்கள் அப்பா அதிபராக இருந்த பள்ளிக்கூடத்தையும் கேட்டால் அவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அன்பு மறவாத,
நிரஞ்சினி


ஃப்ரிபூர்க்
01.03.2025

அன்புள்ள நிரஞ்சினி,

நிருபனைப் பற்றி எழுதியது சந்தோஷம். ஆனால் நீ கேட்டதைச் செய்ய என்னால் முடியாது. இல்லாத உறவைச் சொல்லி ஒரு குடும்பத்தை ஏமாற்ற நான் வரமாட்டேன். யாழ்ப்பாணத்துக்கு ஒரு போன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். அப்போது தலைகுனிவது ஹரிஷா. அந்தக் கேள்விக்கு நாமே பயந்து ஒளிந்தால் அதைக் கேட்பதை அவர்கள் எப்போது நிறுத்துவார்கள்? நாவலும் அதைத்தானே சொல்கிறது? வீடு நல்ல விலைக்குப் போகிறது. புதிய வீட்டில் ஆசிரியை அந்தப் படங்களை மாட்டவே இல்லை.

படத்தைக் கழற்றாதே. தோழியாக வரச் சொன்னால் வருகிறேன்.

பவதாரணி அக்கா


துன்
05.03.2025

பவா அக்கா,

நாவலை எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. "நாமே பயந்து ஒளிந்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எப்போது ஒளிந்தீர்கள்? உங்கள் சுவரில் கழற்ற வேண்டிய படம் எது?

போன் எடுத்தால் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அதற்குள் பிள்ளைகள் கலியாணப் பதிவை முடித்துவிடட்டும் என்றுதான் பார்த்தேன்.

கம்பஸ் முதல் வருடத்தில் இருந்து உங்களை அக்கா என்று கூப்பிடுகிறேன். ஹரிஷா கதைக்கத் தொடங்கியதில் இருந்து பெரியம்மா என்கிறாள். நீங்களும் கடிதத்தில் அப்படித்தான் எழுதுகிறீர்கள். நாலு பேருக்கு முன்னால் அதையே சொல்லக் கேட்டபோது அது பொய்யாகிவிட்டது.

அந்த வெள்ளைக்காரியை அளவுக்கு மீறி நல்லவள் என்றீர்கள். அவள் வந்து இருந்தாள் அக்கா. வேறென்ன செய்தாள்?

தோழியாக வர வேண்டாம்.

நிரஞ்சினி


ஃப்ரிபூர்க்
12.03.2025

அன்புள்ள தங்கச்சி,

இத்தனை நாளும் எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் என் நியாயம்தான் இருந்தது.

படத்தைக் கழற்றுவதும் விடுவதும் உன் விருப்பம். கழற்றினால் உன் பெரியப்பா மகளாக இருந்து என் ஊரைச் சொல்கிறேன். விட்டால், "அது ஆர்?" என்று சிவானந்தராசா கேட்பார். "எங்கட ஐயா" என்று நானே சொல்கிறேன்.

நீ வரச் சொன்னால் சனிக்கிழமை காலையில் ரயில் ஏறுகிறேன். போனில் உன் குரல் வராவிட்டால் வரமாட்டேன். கூப்பிடாமல் வந்து நிற்க எனக்கு முகமில்லை.

உன்,
அக்கா


துன்
18.03.2025

அன்புள்ள பவா அக்கா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. புத்தகம் அனுப்பிப் பழகிய கை, மெதுவான தபாலுக்குரிய முத்திரையை ஒட்டிவிட்டது. ஒரு போன் எடுத்திருக்கலாம்.

அவர்கள் வந்துபோனார்கள். படத்தைக் கழற்றியிருந்தேன். எந்தப் பக்கம் என்ற கேள்வி தேத்தண்ணியோடு வந்தது. கோயிலடியை விழுங்கிவிட்டு, "ஸ்டேசனடி" என்றேன். சிவானந்தராசா அண்ணை பலகாரத் தட்டில் இருந்து இரண்டாவது றோல்ஸை எடுத்தார். எல்லாம் சரிவந்துவிட்டது. ஓகஸ்டில் கலியாணம்.

ஆணியைப் பிடுங்க மறந்துவிட்டேன். நிருபனின் தாய் அதைக் கண்டு, "பிள்ளை, அதில என்ன இருந்தது?" என்று ஹரிஷாவைக் கேட்டார். நான் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. "மணிக்கூடு அன்ரி. பழுதாப்போச்சு" என்றாள். ஐயாவின் மூக்கு அப்படியே அவளுக்கு. அந்த முகத்தோடு சொன்னாள்.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கட ஐயா" என்ற இடத்தில் எழும்பிப் போய்விட்டாள்.

நாவலைத் திருப்பி அனுப்புகிறேன். இனிக் கொஞ்சக் காலம் புத்தகம் ஒன்றும் வேண்டாம். கலியாணத்துக்கு வாருங்கோ. உங்களை எந்த வரிசையில் இருத்துவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

ஐயா அலுமாரியில் உடுப்புகளுக்குக் கீழே இருக்கிறார். இன்றைக்கு வேலையால் வரும்போது ஹரிஷா ஒரு மணிக்கூடு வாங்கிவந்து அந்த ஆணியில் மாட்டினாள். அவர்கள் இனி அடிக்கடி வருவார்களாம்.

நிரஞ்சினி