சிவப்பு மையில் நான் எழுதியது

அன்புள்ள தயாவதி,

திருமுக்கூடல் அத்தை வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். அங்கேதான் நீ இருக்க வேண்டும். நான்கு நாளாக நீ கல்லூரிக்கு வரவில்லையே என்று ஐயம்பேட்டையில் உன் வீட்டுக்குப் போனேன். "கல்யாணப் பேச்சு எடுத்ததுலேர்ந்து அழுதுக்கினே இருந்தா. சொல்லாம கொள்ளாம எங்கியோ போயிட்டா. பேனாகூட எடுத்துக்கினு போவலம்மா" என்றார்கள் உன் அம்மா.

கல்லூரி இதழுக்கு நீ எழுதிய கதையை என்னிடம் திருத்தக் கொடுத்தாய். கல்யாணத்துக்குப் பயந்து ஓடிய பெண் காலை பஸ்ஸில் வீடு திரும்புகிறாள். ஒரு வகுப்பு மூத்த மேதாவி நான், 'முடிவில் அழுத்தம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதினேன். நீ மாற்றினாய், அவள் ஆற்றில் இறங்கினாள். 'பிரமாதம்' என்று போட்டேன்.

கதை என்றுதான் நினைத்தேன், தயா.

முதல் முடிவுதான் சரி. தினமும் காலை பஸ் வரும்போது ஸ்டாண்டில் நிற்கிறேன். வந்துவிடடி.

படிக்கத் தெரியாமல் திருத்தியவள்